கண்ணைக் கட்டிச் சொன்ன பெயர்

வேடியப்பன் வாய் திறந்து பேசிய அன்றைக்கு சசிகலாவின் இடது கக்கத்தில் ஒரு செவலைச் சேவல் இருந்தது. அது சும்மா இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. அது உதைத்தது. உதைத்த உதையில் அவள் கண்ணைக் கட்டியிருந்த மஞ்சள் துணி நழுவிக் கழுத்துக்கு வந்துவிட்டது.

பொம்மிடியிலிருந்து கடத்தூர் போகிற ரோட்டில், புளியமர வரிசை முடிகிற இடத்தில் வடக்கே திரும்பினால் மொட்டப்பாறைக் கொட்டாய். அந்த ஊர் வேடியப்பனுக்குப் பூசை செய்கிற முறையே தனி. செவ்வாய்க்கிழமை காலையில் பூசாரி மட்டும் தட்டி மறைப்புக்குள் போக வேண்டும். போனதும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். பழைய வேட்டியை உருவி, தண்ணீர் ஊற்றித் தேய்த்து, புது வேட்டி கட்டி, பித்தளை மீசையை ஒட்டி, பக்கத்தில் வேலைச் சாத்தி, எல்லாமே கைத் தடவலில்தான். கடைசியாகச் சாமியின் காதருகே குனிந்து “மாசேனா, மாசேனா” என்று சொல்ல வேண்டும். அது என்ன வார்த்தை என்று யாருக்கும் தெரியாது. வெளியே யாரிடமும் சொல்லவும் கூடாது. அப்புறம் துணியை அவிழ்த்துவிட்டு வெளியே வந்து சேவலை அறுப்பது. துணி கட்டாத கண்ணால் சாமியின் வெற்றுடம்பைப் பார்த்தால் பார்வை போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை.

சசிகலா பார்த்துவிட்டாள். வாளும் இல்லை, கச்சையும் இல்லை. மொட்டைத் தலையோடு ஓர் இளவட்டம், இரண்டு கையையும் தொடையோரம் தொங்கவிட்டு, உடம்பில் ஒரு நூல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். கல்தான். ஆனால் முகத்தில் ஏதோ ஒரு கோபம், திட்டு வாங்கின பையன் முகம் மாதிரி.

“அந்தச் சேவலக் கீழ வுடு தாயி. அதுக்கு மூச்சு முட்டுது.”

தட்டிக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். “யாரது?”

“நான்தான்.”

“நான்தான்னா?”

“இப்ப யாரக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்க? அவன்தான்.”

சசிகலா சேவலைப் போட்டாள். இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இப்ப மூடி இன்னா பண்றது? பாத்தது பாத்துட்ட.”

“கண்ணு போயிடும்னு எங்கப்பா சொன்னாருங்க.”

“போச்சா?”

அவள் ஒரு விரலை மட்டும் விலக்கினாள். தட்டி ஓட்டை வழியே ரோட்டில் போகிற மினிபஸ் தெரிந்தது. அரூர் என்று போட்டிருந்ததைப் படிக்க முடிந்தது. “இல்லீங்க சாமி.”

“சாமியும் இல்ல, வேடியப்பனும் இல்ல. என் பேருதான் மாசேனன். செவ்வாக்கெழம தவறாம என் காதுல நீ ஓதற வார்த்த என் பேருதான். நான் சமணப் பள்ளியில படிச்ச பையன்.”

“அப்ப சேவலு?”

“நான் முட்ட கூடத் தின்னதில்ல தாயி! எத்தன நூறு வருசமா என் முன்னால அறுத்துக்கிட்டே இருக்கீங்க.”

“வேணாம்னு சொல்றதுதானுங்களே?”

“வாயி கல்லா இல்ல இருந்துச்சு!”

அதுவும் சரிதான் என்று பட்டது அவளுக்கு. அவன் விவரம் சொன்னான். திறந்த கண்ணால் தன்னைப் பார்த்தபடி யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கல் மறுபடி ஆளாகும். அதுதான் மந்திரம். வாரா வாரம் பெயரை ஓதுகிறவளே வெற்றுடம்பைக் கண்ணால் பார்த்துவிட்டாள், பாதி மந்திரம் பலித்து, பேச்சு வந்துவிட்டது, அதுவும் அவள் காதுக்கு மட்டும். இனி அவன் பெயரை அவள் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

சசிகலா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடினாள்.

“சொன்னா நீங்க ஆளா மாறிடுவீங்க. அப்புறம்?”

“அப்புறம் இன்னா, நான் பாட்டுக்குப் போயிடுவன்.”

“நான் யாருக்குப் பூச பண்றது?”

இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. சசிகலாவின் அப்பா பெரியண்ணன்தான் ஊர்ப் பூசாரி. பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. ஆண் வாரிசு இல்லாததால், வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று சசிகலாவைத் தட்டிக்குள் விட்டார்கள். அவளுக்கோ அந்த வேலை உயிர். திருநீற்றுத் தட்டோடு அவள் வெளியே வரும்போது, மளிகைக் கடையில் அவளை “ஏ புள்ள” என்று கூப்பிடுகிறவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். தையில் ஊர் கூடிக் கட்டுகிற பூசாரிப் பட்டத்தைத் தன் பெயருக்கே வாங்கிவிட வேண்டும் என்பது அவள் கனவு. “பொம்பள எப்படிப் பூசாரியாவா?” என்று ஊர் பேசுகிற நேரத்தில் சாமியே எழுந்து போய்விட்டால்?

“இந்தத் தை கழியட்டுங்க. பட்டம் கட்டுன மறுநாளு கண்டிப்பா சொல்லிடறன்.”

கல் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. குரலில் வந்தது. “நீயும் என்ன மாதிரிதான். நானும் பட்டத்துக்கு ஆசப்பட்டுத்தான் இப்படி நிக்கறன்.”

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைப் பூசை மதியம் வரைக்கும் நீண்டது. பெரியண்ணன் வெளியே உட்கார்ந்து, “பாரு என் பொண்ணுக்கு எவ்ளோ பக்தி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே மாசேனன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். பட்டம் கிடைத்தால் இனிமேல் பொங்கல் மட்டும்தான் என்று சத்தியம் செய்துவிட்டு, அதுவரைக்கும் என்று அவள் சேவலைத் தூரமாகக் கொண்டுபோய் அறுத்தாள். கதை மும்முரத்தில், தான் ஊர்ப் பேச்சுப் பேசுவதைக் கேட்டு அவள் சிரித்தால் அவனுக்கு ரோஷம் வரும். “அத்தன நாளா ஒங்க பேச்சத்தான கேக்கறன்? பண்டிகைன்னா மைக் செட்டு வேற கட்டிடறீங்க.”

தர்மபுரிக்குத் தகடூர் என்று பேர் இருந்த காலம். மொட்டப்பாறை மேல் ஒரு சமணப் பள்ளி. படிப்பு, மருந்து, கொஞ்சம் மந்திரம். மாசேனன் அங்கே வளர்ந்த அநாதைப் பிள்ளை. ராசா சபையில் பெரிய மந்திரவாதியாக உட்கார வேண்டும், தனக்கு வெண்சாமரம் வீச வேண்டும் என்று ஆசை. குரு அவனைக் கீரை ஆயச் சொன்னார். அவன் ஆய்ந்துகொண்டே, குரு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கல்லாகும் மந்திரத்தைத் திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டான். கல்லாவது எப்படி என்ற பாதியைக் கேட்டான். தானாகவே திரும்புவது எப்படி என்ற மீதியைக் கேட்பதற்குள் கீரை முடிந்துவிட்டது.

பாதி வித்தையோடு நேரே ஓடியது கொற்றியிடம். மாட்டுக்காவல் தலைவன் மகள். வேல் எறிந்தால் குறி தப்பாது. அவளிடம் பீற்றிக்கொள்ள, தன் சுண்டுவிரலைக் கல்லாக்கிக் காட்டினான். திருப்பத் தெரியவில்லை. அழாத குறையாகக் குருவிடம் போனால், அவர் தலையில் குட்டி, “உன்னைக் கண் திறந்து பார்த்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிடட்டும்” என்றார். கொற்றிதான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தபடி அவனைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். விரல் சதையாயிற்று. மனசும் போயிற்று.

“அப்புறம் ராசா மதம் மாறுனான். மாறுன வேகத்துல, சமணன் ஒருத்தன்கூட என் நாட்டுல இருக்கக் கூடாதுன்னு ஆள வுட்டான். பள்ளிய எரிச்சாங்க. ஓலையெல்லாம் எரிஞ்சுது. குருவும் மத்தவங்களும் ராத்திரியோட ராத்திரியா மேக்க போயிட்டாங்க. நான் போவல.”

“கொற்றிக்கோசரமா?”

“பின்ன? படைக்காரங்க பாறைய வளச்சிட்டாங்க. வேற வழி தெரியல. பள்ளியில அருகன் செல நிக்கிற மாதிரியே துணியில்லாம நின்னு முழுசாக் கல்லாயிட்டன். கொற்றி வந்து கூப்புடுவான்னு நம்பி.”

“வந்தாளுங்களா?”

“வந்தா. படைக்காரனோட வந்தா. தன் சீலைத் துணியக் கிழிச்சு என் இடுப்புல கட்டுனா. கரியில மீச வரஞ்சா. வேலச் சாத்துனா. ‘இது எங்க குலத்து வீரன், மாடு மீக்கப் போயிச் செத்தவன்’னா. ஒரு சேவல அறுத்து என் காலுல ஊத்துனா. எந்தச் சமணனுக்கு ரத்தம் ஊத்துவாங்க? படைக்காரன் கும்புட்டுட்டுப் போயிட்டான்.”

“உங்களக் காப்பாத்தியிருக்காளேங்க!”

“அன்னிக்குக் காப்பாத்துனா, சரி. அடுத்த செவ்வாக்கெழம வந்தா, கண்ணக் கட்டிக்கிட்டு. கண்ணக் கட்டிக்கிட்டு என் பேரச் சொன்னா! பாக்காம கூப்புட்டா நான் வர மாட்டன்னு அவளுக்குத் தெரியாதா? ஆயுசு முச்சூடும் அப்படியே. தல நரச்சு, முதுகு கூனி, கண்ணக் கட்டிக்கிட்டே வந்தா. புள்ளைங்களுக்கும் அதையே சொல்லிக்குடுத்தா. செத்தப்புறம் என் காலுகிட்டயே பொதச்சு ஒரு கல்லு நட்டாங்க. நீ சொம்பு வெக்கிறியே, அந்தக் கல்லு.”

சசிகலா சட்டென்று சொம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“ஏன் அப்படிப் பண்ணுனாளாம்?”

“மொத மொதல்ல இந்தக் கோயிலுக்குப் பூசாரியானவ அவதான். ஊரே அவ காலுல வுழுந்துச்சு. நான் எழுந்து வந்துட்டா பூசாரிப் பட்டம் போயிடுமே. ஆள விடச் சாமிதான் அவளுக்குத் தேவப்பட்டுது.”

முதல் பூசாரியே ஒரு பெண் என்று கேட்டதில் சசிகலாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடியே முகம் சுண்டிப்போயிற்று. அவன் கொற்றியைச் சொன்னானா, தன்னைச் சொன்னானா? அன்றைக்கு மீசையைக் கோணலாக ஒட்டிவிட்டு வந்துவிட்டாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மாதவராஜ் வந்து இறங்கினார். ஓசூரில் பிளாட் போட்டு விற்று வசதியானவர், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. வேடியப்பனுக்குக் கோபுரம் வைத்துக் கோயில் கட்டித் தருவதாகச் சொன்னார். நல்ல விஷயம்தான். ஆனால் அவரோடு காரில் வந்த நாலைந்து பேர் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பக்கத்து ஊரில் ஜெபக் கூட்டம் நடந்த வீட்டில் புகுந்து நாற்காலிகளை உடைத்தது தாங்கள்தான் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

இடத்தைச் சமப்படுத்த ஜேசிபி வந்தது. ஓட்டி வந்தவன் பூவரசன்.

பூவரசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொம்மிடிப் பக்கத்து வேதக்காரப் பையன். கிறிஸ்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆளும் ஜேசிபி மாதிரிதான், பார்க்க முரடு, ஆனால் ஒரு சிட்டுக்குருவிக் கூட்டைக்கூட இடிக்காமல் மண்ணெடுப்பான். இரண்டு வருஷமாக அவனுக்கும் சசிகலாவுக்கும் பழக்கம். கடத்தூர்ச் சந்தையில், பஸ் ஸ்டாண்டில், போனில். ஊருக்குள் மட்டும் அவன் அவளுக்கு “டிரைவரு”.

மாதவராஜோடு வந்த ஒருவன் வண்டிக்குள் தொங்கிய சிலுவையைப் பார்த்துவிட்டான். “ஏய், நீ வேதக்காரனா? கோயில் எல்லைக்குள்ள எவன் வரச் சொன்னான் ஒன்ன? இந்தப் பொண்ணு ஒனக்குத் தெரிஞ்சவளா? அப்பப் புடிச்சு அவளையே பாக்கற?”

அவன் கையில் இரும்புத் தடி இருந்தது. சசிகலா விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“இந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. கூலிக்கு வந்தவரு போல. வேலைய முடிச்சிட்டுப் போவச் சொல்லுங்க.”

அவன் தடியைக் கீழே இறக்கினான். சாயங்காலம் போனில் பூவரசன் கேட்டான்.

“யாருன்னே தெரியாதா?”

“பூவரசு…”

“சொல்றதச் சொன்ன, என் மூஞ்சியப் பாத்துச் சொல்றதுக்கு இன்னா?”

“பாத்திருந்தா மூஞ்சி காட்டிக் குடுத்துடும்யா! ஒன்னப் பாத்துக்கிட்டு எனக்கு எப்படிப் பொய்யி வரும்? அதுக்கோசரம்தான் அந்தப் பக்கம் திரும்பி…”

அவள் பேச்சு அப்படியே நின்றது. போனைக் காதில் வைத்தபடியே பாறையை நோக்கி ஓடினாள். பின்னாலிருந்து பெரியண்ணன், “செவ்வாக்கெழம இல்லியே கண்ணு!” என்று கத்தினார்.

தட்டிக்குள் போய் மூச்சு வாங்க நின்றாள். கண்ணைக் கட்டவில்லை.

“படைக்காரங்க எப்பங்க ஊர வுட்டுப் போனாங்க?”

“எங்க போனாங்க? கீழதான் கூடாரம் அடிச்சித் தண்டு போட்டிருந்தாங்க. கொற்றி சாவற வரைக்கும் இருந்தாங்க.”

“அப்புறம் இன்னாங்க யோசிக்கறீங்க? அவ கண்ணத் தொறந்து கூப்புட்டிருந்தா நீங்க ஆளாகி நின்னிருப்பீங்க. அன்னிக்கே கழுவுல ஏத்தியிருப்பாங்க. ஒளிஞ்சிருன்னா இருக்கற ஆளா நீங்க? வெரலக் கல்லாக்கிப் பீத்திக்கிட்ட ஆளு!”

அவள் காலடியிலிருந்த கொற்றியின் கல்லைக் காட்டினாள்.

“ஒங்களப் பாத்துட்டு அவளால கூப்புடாம இருக்க முடியாது. அதுக்கோசரம் கண்ணக் கட்டிக்கிட்டா. கூப்புடாமலும் இருக்க முடியல. அதுக்கோசரம் கட்டிக்கிட்டே கூப்புட்டா. பேரு அழிஞ்சிடக் கூடாதுன்னு புள்ளைங்க வாயில போட்டுட்டுப் போனா. பட்டத்துக்கோசரம் சொல்லாம இருக்கறது நான்தாங்க. அவ இல்ல.”

கல் கன்னத்தில் ஈரம் இறங்கியது. பனியாகவும் இருக்கலாம், மார்கழி மாசம் அல்லவா.

“அவ கிழவியானப்பக்கூட…” என்றான் மாசேனன். “துணிய இறுக்கி இறுக்கிக் கட்டுவா தாயி. ரெண்டு முடிச்சுப் போடுவா. வெறுப்புல கட்டறான்னு நெனச்சேன்.”

“இப்ப சொல்லிடட்டுமா பேர?”

“வேணாம். ஒனக்குப் பட்டம் கட்டட்டும். இத்தன நாளு நின்னவன், இன்னும் கொஞ்சம் நிக்க மாட்டனா? காலுதான் வலிக்குது. ஒரு வாட்டி உக்காந்து பாக்கணும்னு ஆசயா இருக்குது, அவ்ளோதான்.”

பொங்கல் கழிந்த புதன்கிழமை, சிலையை இடம் மாற்ற நாள் குறித்தார்கள். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. தடிக்காரர்கள் முன்வரிசை. வேறு வண்டி கிடைக்காததால் பூவரசனே ஜேசிபியோடு வந்திருந்தான். அவன் கை சாமியைத் தொடக் கூடாது, இயந்திரம் தொட்டால் பரவாயில்லை என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு.

“அளவெடுக்கணும். துணியெல்லாம் உருவுங்க” என்றார் மாதவராஜ்.

“ஆவாதுங்க, கண்ணு போயிடும்” என்று பெரியண்ணன் இடது கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அதற்குள் தட்டியைச் சாய்த்து வேட்டியையும் உருவிவிட்டார்கள். வேல் சரிந்தது. மீசை கழன்று விழுந்தது. ஊரே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. பிறகு ஒவ்வொருவராக, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்கள்.

“இது வேடியப்பனே இல்ல! சமணச் சாமி!” என்றான் தடிக்காரன். “இத்தன நாளா எவனோ ஒருத்தன் சாமியக் கும்புட்டிருக்கீங்க. ஒடச்சு ரோட்டுக்குப் போடுங்க.”

மாதவராஜ் சசிகலாவைத் தனியே கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, காரியம் முடிந்தால் போதும் என்கிறவர். “நீ சத்தம் போடாத கண்ணு. புதுசா ஆளொசரத்துக்கு வேடியப்பன் செல செய்யச் சொல்லிடறன், குதிர மேல உக்காந்த மாதிரி. அதுக்கு நீதான் பூசாரி. பட்டம் நானே கட்டறன், இப்பவே ஊரு முன்னால சொல்லிடறன். சரியா?”

அவள் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பேசாமல் இருந்தால் போதும்.

“தூக்குடா வண்டிய!” என்று தடிக்காரன் கத்தினான்.

பூவரசன் வண்டியை அணைத்தான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “நான் ஒடைக்க மாட்டன்.”

“எங்க சாமி மேல ஒனக்கு இன்னாடா?”

“யாரு சாமியாவோ இருக்கட்டும். அந்தப் புள்ள வாரம் தவறாம குளிப்பாட்டறது இதத்தான். நான் ஒடைக்க மாட்டன்.”

தடி உயர்ந்தது.

“பூவரசு!” என்று சசிகலா கூப்பிட்டாள். முதுகைத் திருப்பாமல், அவன் முகத்தைப் பார்த்து, ஊரே கேட்கிற மாதிரி. “கீழ எறங்காத! வண்டியிலயே இரு. அப்பா, இவருதான் நான் கட்டிக்கப் போறவரு. அப்புறம் திட்டிக்கோங்க, இப்ப வேற வேல இருக்குது.”

தடி அந்தரத்தில் நின்றது. அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் துணியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, கல்லுக்கு எதிரே போய் நின்றாள். எனக்குப் பட்டம் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லக்கூட நேரமில்லை. நன்றாகக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“மாசேனா!”

முதலில் சுண்டுவிரல்தான் சதையாயிற்று. அப்புறம் கை, தோள், கழுத்து. கடைசியாகக் கால். பாறையிலிருந்து ஒரு மொட்டைத்தலைப் பையன் தள்ளாடிக்கொண்டு இறங்கினான். குளிரில் நடுங்கினான். ஊரே தடாலென்று தரையில் விழுந்தது. தடிக்காரர்கள் தடியைப் போட்டுவிட்டு ஓடிய திசை தெரியவில்லை. மாதவராஜும் விழுந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

விழாமல் நின்றவர் பெரியண்ணன் ஒருத்தர்தான். வெறுந்தடவலில் நாற்பது வருஷம் குளிப்பாட்டிய உடம்பு அவருக்குத் தெரியாதா? கிட்டே போய், தோளில் கிடந்த துண்டை ஒற்றைக் கையால் எடுத்து, அவன் இடுப்பில் சுற்றிவிட்டார்.

“ஜலதோசம் புடிச்சிக்கும் சாமி” என்றார்.

“சாமி! எங்களுக்குப் பூசாரி யாருன்னு சொல்லிடுங்க சாமி!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

மாசேனன் காலடியிலிருந்த சின்னக் கல்லைக் காட்டினான். “மொதப் பூசாரி இவ. பேரு கொற்றி. இனிமே கும்புடறதா இருந்தா இவளக் கும்புடுங்க. கண்ணத் தொறந்துகிட்டுக் கும்புடுங்க. சேவல் வேணாம். பூசாரி யாருன்னு இன்னுமா கேக்கறீங்க?”

கேட்டவன் சசிகலாவைப் பார்த்து, விழுந்த இடத்திலேயே இன்னொரு தரம் விழுந்தான்.

மாசேனனுக்கு அவர்களைக் கவனிக்கப் பொழுதில்லை. முட்டியை மெதுவாக மடக்கிப் பார்த்தான். கடகடவென்று சத்தம் வந்தது. மறுபடி மடக்கினான். அப்படியே அந்தச் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில், அதன்மேல் தோளைச் சாய்த்து உட்கார்ந்தான். உட்கார்ந்த சுகத்தில் ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், புளியமரத்துக் குருவிகளெல்லாம் எழும்பிப் பறந்தன. கல்லின் தலையைச் சுண்டுவிரலால் தடவி, யாருக்கும் கேட்காத குரலில் ஏதோ சொன்னான். பெயராகத்தான் இருக்கும்.

சசிகலா சொம்புத் தண்ணீரை அவனிடம் நீட்டினாள். பூவரசன் வண்டியிலிருந்து இறங்கி, அவளுக்கு ஓரடி தள்ளி வந்து நின்றான். பெரியண்ணன் அவனை மேலிருந்து கீழே பார்த்தார். திட்டுவதை எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது.

“திட்டறத அப்புறம் வெச்சுக்கோங்க அண்ணா” என்றான் மாசேனன், கல்லில் சாய்ந்தபடியே. “வூட்டுல களி இருக்குதா? கீர கடஞ்சி ஊத்தச் சொல்லுங்க, கருவாடு வேணாம். பொழுது சாஞ்சா சமணப் பசங்க நாங்க திங்க மாட்டோம். சுருக்கா கொண்டாங்க.”